வெள்ளி காட்டும் கை

முள்ளிக்களம் என்ற உப்பளத்து ஊரில் மேற்கே வெள்ளி நிற்கிற மாதங்களில் மட்டும்தான் கல்யாணம் வைப்பார்கள். காலையில் முகூர்த்தம் பார்க்கிற வழக்கமெல்லாம் அங்கே கிடையாது, ஏனென்றால் காலையில் ஊரே பாத்திக்குள் உப்புத்தண்ணீரில் நிற்கும். பொழுது சாய்ந்து, மேற்கு வானம் சிவப்பு வடிந்து நாவற்பழ நிறத்துக்கு வருகிற அந்தக் கொஞ்ச நேரத்தில் அம்மன் கோயில் முன்னால் தாலி கட்டுவார்கள், கட்டின கையோடு பெண்ணைப் பெற்றவள் மகளுக்குப் பின்னால் வந்து நின்று, மகளின் வலது தோளுக்கு மேலாகக் கையை நீட்டி, ஆள்காட்டி விரலால் வெள்ளியைக் காட்டுவாள், மகள் அந்த விரல் வழியே பார்த்து “பாத்தாச்சு” என்பாள், பிறகு அவள் மாப்பிள்ளைக்குக் காட்டுவாள், மாப்பிள்ளையும் “பாத்தாச்சு” என்பான், அதற்கப்புறம் கூட்டம் மொத்தமும் அண்ணாந்து பார்த்து “பாத்தாச்சு” என்று சொன்னால்தான் கல்யாணம் முடிந்ததாக அர்த்தம். கட்டிக்கொடுத்த பெண் எந்த ஊருக்குப் போனாலும், அம்மா வீட்டு வாசலிலிருந்து தெரிகிற ஒரு பொருளாவது அங்கேயும் அவளுக்குத் தெரியட்டும் என்று யாரோ ஒரு புண்ணியவதி ஏற்படுத்தி வைத்த வழக்கம். இதில் கஷ்டம் ஒன்றும் இல்லை. சூரியனையும் சந்திரனையும் விட்டால் வானத்தில் அதைவிடப் பிரகாசமான பொருள் கிடையாது, அரைக்கண் உள்ளவனும் பார்த்துவிடுவான்.

அந்த வெள்ளிதான் ஒருநாள் சாயங்காலம் முள்ளிக்களத்துப் பெரியவர்கள் கண்ணுக்குத் தெரியாமல் போயிற்று.

எந்த நாள் அது என்று ஊரில் எல்லோருக்கும் தெரியும், யாரும் வாய் திறந்து சொல்ல மாட்டார்கள், அதனால் நான் சொல்கிறேன். களத்தில் மாசாணம் என்று ஒருவன் வரப்புக் கட்டிக்கொண்டிருந்தான். எங்கிருந்தோ வந்தவன், சொந்தபந்தம் கிடையாது, செத்தால் அழ ஆளில்லாதவன். ஒரு காலை அவன் வரப்போரமாகக் குத்தவைத்துக் கால் கழுவிக்கொண்டிருந்தபோது உப்பு ஏற்றி நின்ற லாரி பின்னோக்கி வந்து அவன்மேல் ஏறியது. லாரிக்கு டிரைவர் கொம்பையா. ஆனால் அந்த நேரம் கொம்பையா லாரிக்கு மேலே, மூட்டைகளின் உச்சியில் நின்று தார்ப்பாயை இழுத்துக் கட்டிக்கொண்டிருந்தான்; ஸ்டியரிங்கில் இருந்தவன் முதலாளியின் தம்பி மகன், லாரி ஓட்டிப் பார்க்க வேண்டும் என்று அவனுக்கு அன்றைக்கென்று ஆசை வந்திருந்தது. உப்புப் பெட்டி சுமந்து வரிசையாக வந்த பெண்கள் அத்தனை பேரும் பார்த்தார்கள், பாத்திக்குள் உப்பு வாரிக்கொண்டிருந்த ஆண்கள் அத்தனை பேரும் பார்த்தார்கள், தண்ணீர் குடிக்க ஒதுங்கியவர்களும் செம்பைக் கீழே வைத்துவிட்டுப் பார்த்தார்கள். உப்பளத்தில் மறைவுக்கு ஒரு செடிகூடக் கிடையாது, அங்கே ஒருத்தன் தும்மினாலே ஊர் பார்க்கும்.

போலீஸ் விசாரணைக்கு ஆள் வந்த அன்று முதலாளி யாரையும் மிரட்டவில்லை. எல்லோருக்கும் மோர் கொடுக்கச் சொன்னார், வெயிலில் நிற்காதீர்கள் என்று கொட்டகைக்குள் உட்காரச் சொன்னார், மழைக்காலம் வரப்போகிறது, களம் மூடிக் கிடக்கும், அப்போதெல்லாம் உங்களுக்கு யார் இருக்கிறார்கள் என்று யாரையும் பார்க்காமல் பொதுவாக ஒரு வார்த்தை சொன்னார், போய்விட்டார். பிறகு ஒவ்வொருவராக உள்ளே போய் ஒரே வார்த்தையைச் சொன்னார்கள். நான் பாக்கல. ஒருத்தி குனிந்திருந்தாளாம், ஒருவன் கண்ணில் வேர்வை இறங்கிவிட்டதாம், ஒருவனுக்கு உப்பின் வெளிச்சத்தில் கண் கூசிவிட்டதாம். உள்ளே போய் வந்தவர்கள், அடுத்துப் போகிறவர்களின் முகத்தைப் பார்க்காமல் வீட்டுக்கு நடந்தார்கள். பின்னால் கோர்ட்டிலும் அதையேதான் சொன்னார்கள். யாரும் பார்க்கவில்லை என்றால் லாரியை ஓட்டினவன் டிரைவர்தானே, நான் ஓட்டவில்லை என்று கொம்பையா முதலில் சொன்னது எடுபடவில்லை, வேண்டுமென்றே ஏற்றினதாகக் கேஸ் எழுதி நீண்ட தண்டனையில் அவனை ஜெயிலுக்கு அனுப்பினார்கள்.

விசாரணை முடிந்த அன்று சாயங்காலம், வழக்கம்போல வாசலுக்கு வந்து மேற்கே பார்த்தவர்களுக்கு வெள்ளி இல்லை. மேகம் என்று நினைத்தார்கள். மறுநாளும் இல்லை. சுற்றியிருந்த சின்ன நட்சத்திரங்களெல்லாம் ஒவ்வொன்றாக வந்து உட்கார, அது நிற்க வேண்டிய இடம் மட்டும் மூடி வைத்த பாத்திரம்போல இருந்தது. ஒவ்வொருவரும் தன் கண்ணில்தான் கோளாறு என்று நினைத்தார்கள், நினைத்ததை யாரிடமும் சொல்லவில்லை, புருஷன் பெண்டாட்டியிடம் சொல்லவில்லை, பெண்டாட்டி புருஷனிடம் சொல்லவில்லை. இடுப்பில் இருந்த பிள்ளை கையை நீட்டி, அந்தா எம்புட்டு வெளிச்சம் என்று காட்டும்போது, ஆமா என்று தலையாட்டிவிட்டுப் பிள்ளைக்குச் சோறு ஊட்டினார்கள். பள்ளிக்கூடத்தில் இலவசக் கண் முகாம் போட்டபோது ஊர் மொத்தமும் போய் வரிசையில் நின்றது. வந்த டாக்டரம்மா ஒவ்வொரு கண்ணாக விளக்கடித்துப் பார்த்துவிட்டு, உப்பளத்தில் வேலை செய்கிறவர்களுக்கு இவ்வளவு நல்ல பார்வையை நான் பார்த்ததேயில்லை என்று சந்தோஷப்பட்டார். அந்தச் சந்தோஷத்தைக் கேட்டுக்கொண்டு எல்லோரும் தலையைக் குனிந்தபடி வீடு திரும்பினார்கள்.

பிறகு சில மாதம் வெள்ளி மேற்கைவிட்டுப் போயிற்று. சாயங்கால வானத்தில் அது உலகத்தில் யாருக்குமே தெரியாத காலம். முள்ளிக்களம் நன்றாகத் தூங்கியது அந்த மாதங்களில்தான்.

ஊரில் பெரியவர்களில் ஒரே ஒருத்திக்கு மட்டும் அது எப்போதும்போலத் தெரிந்துகொண்டிருந்தது. கொம்பையாவின் மனைவி பூங்கனி. மாசாணம் செத்த அன்று அவள் காய்ச்சலில் வீட்டில் படுத்திருந்தாள், அவள் நிஜமாகவே எதையும் பார்க்கவில்லை. காய்ச்சல் விட்டு எழுந்ததும் வீடு வீடாகப் போய், என்ன பாத்தீங்க, என்ன பாத்தீங்க என்று கேட்டாள். எல்லோரும் பாக்கல என்றார்கள். அவளோடு ஜோடியாக வேலை செய்கிற தங்கபுஷ்பமும் பாக்கல என்றாள். உப்புப் பெட்டியைத் தனியாக ஒருத்தி தலைக்கு ஏற்ற முடியாது, எதிரே நின்று ஒருத்தி தூக்கிவிட வேண்டும். பூங்கனிக்குத் தங்கபுஷ்பமும் தங்கபுஷ்பத்துக்குப் பூங்கனியும் கல்யாணமாகி இந்த ஊருக்கு வந்த நாளிலிருந்து தூக்கிவிட்டிருக்கிறார்கள். பாக்கல என்று சொன்ன மறுநாளும் பூங்கனி வந்து எதிரே நின்றாள், குனிந்தாள், பெட்டியைத் தூக்கிவிட்டாள், ஒன்றும் கேட்கவில்லை. அதுதான் தங்கபுஷ்பத்துக்குத் தாங்க முடியாததாக இருந்தது. ஒரு வார்த்தை திட்டியிருந்தால் பாரம் இறங்கியிருக்கும்.

வெள்ளி மறுபடியும் மேற்கே வந்ததும் முதல் கல்யாணம் வந்தது. பெண் அதுவரை வெளியூர் மில்லில் வேலை பார்த்தவள், மாப்பிள்ளையும் வெளியூர், கூட்டம் நிறைய. தாலி கட்டியானதும் பெண்ணின் தாய் மகளுக்குப் பின்னால் போய், வாய்க்கு வந்த சாமியையெல்லாம் கும்பிட்டுக்கொண்டு, கையை நீட்டி மேற்கே மினுக்கிய எதையோ காட்டினாள். முள்ளிக்களத்துக்காரர்கள் அத்தனை பேரும் அந்தப் பக்கம் பார்த்து ஆமா ஆமா என்றார்கள். மாப்பிள்ளையின் சித்தப்பா சிரித்துவிட்டார். ஏம்மா, அது கரண்டு எடுக்கிற காத்தாடி உச்சியிலே எரியிற செகப்பு லைட்டுல்லா என்றார். அந்த ஒரு நிமிஷத்தில்தான் முள்ளிக்களத்துக்கு விஷயம் புரிந்தது, கோளாறு தன் கண்ணில் மட்டும் இல்லை, ஆமா ஆமா என்று சொன்ன அத்தனை கண்ணிலும் இருக்கிறது என்று. எல்லோரும் எல்லோரையும் ஒருமுறை பார்த்துவிட்டு, பார்த்ததற்காக வெட்கப்பட்டு, கோயில் மணியையும் வாழைமரத்தையும் பார்த்துக்கொண்டு நின்றார்கள். பெண்ணின் தாய் நீட்டிய கையை மடக்கவும் தெரியாமல் நகர்த்தவும் தெரியாமல் நின்றபோது, கூட்டத்திலிருந்து பூங்கனி வந்தாள். பின்னால் நின்று, சேலைத் தலைப்பைச் சரிசெய்வதுபோல அவள் முழங்கையைத் தொட்டாள், கொஞ்சம் வலது பக்கம் தள்ளினாள், கொஞ்சம் மேலே தூக்கினாள். “பாத்தாச்சு” என்றாள் மகள்.

அதற்குப் பிறகு அது ஒரு முறையாகவே ஆகிவிட்டது. முள்ளிக்களத்தில் பெண்ணுக்குக் கல்யாணம் நிச்சயமானால் முதல் பாக்கு பூங்கனி வீட்டுக்குப் போயிற்று. அவளுக்கு ஒரு சேலை எடுத்தார்கள், பெண்ணின் தாயோடு மணமேடைக்குப் பக்கத்தில் அவளுக்கு ஓர் இடம் போட்டார்கள், ஊர்த்தலைவரே வாசலுக்கு வந்து கூட்டிக்கொண்டு போனார். இதைப் பற்றி யாரும் யாரோடும் பேசிக்கொள்ளவில்லை, கூட்டம் போட்டு முடிவெடுக்கவில்லை, ஆனால் எல்லோரும் சரியாக நடந்துகொண்டார்கள். ஏன் வெட்கம், பிள்ளைகளிடம் கேட்டுக்கொள்ளலாமே என்றால், பிள்ளைகளிடம் கேட்டால் உனக்கு ஏன் தெரியவில்லை என்று பிள்ளை திரும்பக் கேட்கும். ஒரு பையன் போனில் நட்சத்திரம் காட்டுகிற ஏதோ ஒன்றை ஏற்றிக்கொண்டு வந்து தன் அக்கா கல்யாணத்துக்கு அம்மாவுக்கு உதவினான், அது செல்போன் டவரைக் காட்டியது. பூங்கனிதான் கடைசியில் வர வேண்டியிருந்தது. வெளியூரிலிருந்து சம்பந்தம் பண்ண வந்தவர்கள், ஒவ்வொரு கல்யாண போட்டோவிலும் தாய்க்குப் பின்னால் நிற்கிற இந்தப் பெண்ணைப் பார்த்துவிட்டு, புருஷன் ஜெயிலில் இருக்கிறவளுக்கு இந்த ஊர் எவ்வளவு மரியாதை கொடுக்கிறது என்று ஆச்சரியப்பட்டார்கள். அதைக் கேட்கும்போது முள்ளிக்களத்துக்காரர்கள் இலையில் இருக்கிற சோற்றைத்தான் பார்த்தார்கள்.

கல்யாணம் இல்லாத நாட்களில் பெண்கள் சாயங்காலம் பூங்கனியின் முகவாய்க்கட்டையைப் பார்ப்பார்கள். அது எந்தப் பக்கம் தூக்கியிருக்கிறதோ அந்தப் பக்கம் வெள்ளி நிற்கிறது, அது தாழத் தாழ வெள்ளி இறங்குகிறது. பூங்கனி ஏன் இதைச் செய்கிறாள் என்று யாரோ ஒருத்தி ஒருமுறை துணிந்து கேட்டாள். பிள்ளைங்க கல்யாணம்லா, பிள்ளைங்க என்ன பாவம் பண்ணுச்சு என்றாள் பூங்கனி.

தங்கபுஷ்பத்தின் மகள் மாரிச்செல்வி மதுரையில் நர்சுக்குப் படித்துவிட்டு அங்கேயே வேலை பார்த்தாள். மாப்பிள்ளை கோவில்பட்டி, நல்ல பையன், நல்ல குடும்பம், முள்ளிக்களத்தில் வெள்ளி காட்டுகிற வழக்கத்தைக் கேள்விப்பட்டு மாப்பிள்ளையின் அம்மாவுக்கு ஒரே குஷி. தங்கபுஷ்பம் பூங்கனி வீட்டுக்குப் பாக்கு வைக்கப் போவதை நாளைக்கு நாளைக்கு என்று தள்ளிப்போட்டாள். இத்தனை வருஷம் பூங்கனிக்கு எதிரே தினமும் நின்றிருக்கிறாள், வெள்ளி இறங்கியாச்சு கிளம்புவோமா என்று பூங்கனி மேற்கே பார்த்துச் சொல்லும்போதெல்லாம், ஆமா மைனி, இறங்கியாச்சு என்று அவளும் மேற்கே பார்த்துச் சொல்லியிருக்கிறாள். ஊரில் எல்லோரும் பூங்கனியிடம் ஒருமுறை தோற்றுவிட்டார்கள், தான் மட்டும் இன்னும் தோற்கவில்லை என்ற பாவனையில் அவள் இருந்தாள். இப்போது போய்க் கேட்டால் அது போய்விடும், கேட்காமல் விட்டால் மகள் கல்யாணத்தில் காற்றாடி விளக்கைக் காட்டிக்கொண்டு நிற்க வேண்டும்.

கடைசியில் தாம்பூலத் தட்டை எடுத்துக்கொண்டு போனாள். பூங்கனி வாசலில் உட்கார்ந்து நெத்திலிக் கருவாடு ஆய்ந்துகொண்டிருந்தாள். கையைக் கழுவிவிட்டு வந்து தட்டை வாங்கிக்கொண்டாள், பத்திரிகையைப் பிரித்து மாப்பிள்ளை பேரைக் கேட்டுத் தெரிந்துகொண்டாள், மாரிச்செல்வி சின்னதில் உப்பு அள்ளித் தின்றதைச் சொல்லிச் சிரித்தாள். தங்கபுஷ்பம் எழுந்து போகவில்லை. சேலை நுனியைத் திருகிக்கொண்டு அங்கேயே நின்றாள்.

“கல்யாணத்துக்கு வாரேன், பந்தியில நின்னு பரிமாறுதேன்” என்றாள் பூங்கனி. “கையப் பிடிக்கணுமா வேண்டாமா, அத மட்டும் சொல்லு புஷ்பம்.”

தங்கபுஷ்பம் திருகின சேலை நுனியை விட்டாள். “பிடிக்கணும் மைனி” என்றாள்.

பூங்கனி தட்டைக் கீழே வைத்தாள். அவள் முகத்தில் கோபம் இல்லை. களைத்துப்போன ஒருத்தி பாரத்தை இறக்கி வைக்க இடம் பார்க்கிறதுபோல வாசலைப் பார்த்துக்கொண்டு பேசினாள்.

“எல்லாரும் வந்தாவ. ஒவ்வொருத்தி வந்து கேக்கும்போதும் எனக்கு உள்ளுக்குள்ள சந்தோசந்தான், சொன்னா நம்ப மாட்ட. இவளும் பாத்திருக்கா, இவளும் பாத்திருக்கான்னு. எங்க வீட்டுக்காரவிய பொய் சொல்லலன்னு ஒவ்வொரு கல்யாணத்துலயும் எனக்கு ஒரு சாட்சி கெடச்சுது. முழங்கையத் தொட்டுத் தொட்டுத்தான் நான் அவியள நம்புனேன். உன்னிய மட்டும் நான் அதுல சேக்கல. புஷ்பம் பாத்திருந்தா எங்கிட்ட சொல்லியிருப்பா, அவ நெசமாவே குனிஞ்சுதான் இருந்திருப்பான்னு நெனச்சுட்டுத்தான் இத்தன நாளும் உனக்குப் பெட்டி தூக்கிவிட்டேன்.”

தங்கபுஷ்பத்துக்குப் பூமி பிளந்து உள்ளே போய்விட வேண்டும்போல இருந்தது. ஊரில் மற்றவர்களெல்லாம் பொய் சொன்னது பூங்கனிக்கு ஆறுதலாக இருந்திருக்கிறது, தான் பொய் சொன்னது மட்டும் இன்றைக்குத்தான் அவளுக்குத் தெரிகிறது, அதுவும் தன் வாயாலேயே, கல்யாணப் பாக்கோடு கொண்டுவந்து கொடுத்திருக்கிறோம் என்று நினைக்க நினைக்க அவளுக்கு உடம்பெல்லாம் கூசியது. வரேன் மைனி என்று மட்டும் சொல்லிவிட்டு வந்தாள். மறுநாள் காலையில் பூங்கனி வழக்கம்போல எதிரே வந்து நின்று பெட்டியைத் தூக்கிவிட்டாள்.

கல்யாணத்தன்று வானம் துடைத்துவிட்டதுபோல இருந்தது. முதலாளி வந்து முன்வரிசை நாற்காலியில் உட்கார்ந்திருந்தார், அவருக்கு ஒருத்தர் சோடா உடைத்துக் கொடுத்தார், ஒருத்தர் விசிறிக்கொண்டிருந்தார். தாலி ஏறியது. தங்கபுஷ்பம் மகளுக்குப் பின்னால் போய் நின்றாள், அவளுக்குப் பின்னால் பட்டுச்சேலையில் பூங்கனி வந்து நின்றாள். தங்கபுஷ்பம் மகள் தோளுக்கு மேலாகக் கையை நீட்டினாள். மேற்கே அவளுக்கு ஒன்றுமில்லை, வெறும் நாவற்பழ நிறம்தான். முழங்கையில் பூங்கனியின் விரல்கள் பட்டன. உப்பில் வெடித்துக் காய்த்துப்போன விரல்கள், தினமும் பெட்டிக்கு அந்தப் பக்கம் அவள் பார்க்கிற விரல்கள், அவை மெல்ல அவள் கையை இடப்பக்கமாக நகர்த்தின.

தோளின் மேல் அம்மாவின் கை நகர்வதை மாரிச்செல்வி உணர்ந்தாள். அவள் ஊரில் நடந்த கல்யாணங்களுக்கெல்லாம் வந்து போனவள், பெரியம்மாக்களும் சித்திகளும் கை தடுமாறுவதைப் பார்த்தவள், ஏன் தடுமாறுகிறது என்று மதுரை விடுதியில் படுத்துக்கொண்டு யோசித்துப் பார்த்துத் தானாகவே புரிந்துகொண்டவள். அவள் திரும்பவில்லை. வெள்ளியைப் பார்த்தபடியே, அம்மாவுக்கு மட்டும் கேட்கிற குரலில் கேட்டாள்.

“யம்மா, ஒனக்குமா தெரியல?”

தங்கபுஷ்பம் கையை இறக்கிவிட்டாள். இறக்கிய கையை எங்கே வைப்பது என்று தெரியாமல் மகளின் தோளிலேயே வைத்துக்கொண்டாள். மேளக்காரர்கள் “பாத்தாச்சு” என்ற வார்த்தைக்காகக் காத்துக்கொண்டிருந்தார்கள், கூட்டம் காத்துக்கொண்டிருந்தது, முதலாளி சோடாவை வாயருகே வைத்துக்கொண்டு காத்துக்கொண்டிருந்தார்.

“எனக்குத் தெரியலம்மா” என்றாள் தங்கபுஷ்பம். “அன்னைக்கு எல்லாம் தெரிஞ்சுது. லாரியில உக்காந்திருந்தது கொம்பையா அண்ணன் இல்ல, மொதலாளி தம்பி மகன். அண்ணன் மேல நின்னு தார்ப்பாய் கட்டிட்டு இருந்தாவ. நான் பாத்தேன். பாத்துட்டுத்தான் பாக்கலன்னு சொன்னேன்.”

முள்ளிக்களத்து ஜனங்கள் பூங்கனியைப் பார்க்க முடியாமல், தங்கபுஷ்பத்தைப் பார்க்க முடியாமல், முதலாளியையும் பார்க்க முடியாமல், ஒருவரையொருவர் பார்த்துக்கொள்ளவும் முடியாமல், கடைசியில் அத்தனை பேரும் அண்ணாந்து வானத்தைப் பார்த்தார்கள். அங்கே அவர்களுக்கு ஒன்றும் இல்லை. ஆனாலும் கழுத்து வலிக்க வலிக்கப் பார்த்துக்கொண்டே நின்றார்கள். விஷயம் புரியாத மாப்பிள்ளை வீட்டார், என்ன பக்தி, என்ன பக்தி என்று தங்களுக்குள் பேசிக்கொண்டார்கள். மாரிச்செல்விதான் மாப்பிள்ளையின் முகவாயைப் பிடித்து மேற்கே திருப்பி, அந்தா பாருங்க என்றாள். பாத்தாச்சு என்றான் அவன், கோவில்பட்டிக்காரர்கள் பாத்தாச்சு என்றார்கள், பிள்ளைகள் பாத்தாச்சு என்று கத்தின. முள்ளிக்களத்தில் பெரியவர்கள் ஒருத்தர் வாயிலிருந்தும் அந்த வார்த்தை வரவில்லை. அதனால் அந்தக் கல்யாணம் முறைப்படி முடிந்ததா இல்லையா என்பது அந்த ஊரில் இன்னும் தீராத வழக்கு. முதலாளி சாப்பிடாமல் போய்விட்டார். மறுநாளிலிருந்து தங்கபுஷ்பம் களத்துக்கு வர வேண்டாம் என்று ஆள் வந்து சொன்னான். ஊரில் யாரும் அவளை ஏசவும் இல்லை, அவள் வீட்டுக்கு வரவும் இல்லை. ஆனால் சாயங்காலங்களில் இப்போது எல்லோரும் தங்கபுஷ்பத்தின் முகவாய்க்கட்டையைப் பார்க்கிறார்கள், சொல்லிவிட்டால் மறுபடியும் தெரியுமா என்று தெரிந்துகொள்ள ஆசை. அவளோ வாசலுக்கு வந்தால் குனிந்த தலை நிமிர்வதில்லை, அவளுக்குத் தெரிகிறதா இல்லையா என்று இன்றுவரை ஒருத்தருக்கும் தெரியாது.

வக்கீலைப் பார்க்கப் போகலாமா என்று தங்கபுஷ்பம்தான் பூங்கனியிடம் போய்க் கேட்டாள். போகலாம், அதுக்கு முந்தி இன்னொரு இடம் இருக்கு என்றாள் பூங்கனி. இருவரும் பஸ்ஸில் ஒரே சீட்டில் உட்கார்ந்து போனார்கள். பாதி வழியில், ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டு, பூங்கனி தன் வெட்கத்தைச் சொன்னாள். வீடு வீடாகப் போய்க் கேட்டு, எல்லோரும் பாக்கல என்று சொல்லிவிட்ட அந்த வாரத்தில், ஜெயிலுக்குப் போயிருந்தபோது, கம்பி வலைக்கு இந்தப் பக்கம் நின்று அவனிடமே கேட்டுவிட்டாளாம், நெசமாச் சொல்லுங்க, நீங்கதான் ஓட்டுனீயளா என்று. கொம்பையா பதில் சொல்லவில்லையாம். அவளை ஒரு மாதிரி பார்த்துவிட்டு உள்ளே போய்விட்டானாம். அதற்குப் பிறகு அவள் எத்தனை தடவை போய்ப் பார்க்க மனுப் போட்டாலும் அவன் வெளியே வருவதில்லை.

“வெள்ளி தெரியலன்னு ஊர்க்காரிய எங்கிட்ட வந்தாவ, அதனால நீங்க செய்யலன்னு நான் அவியகிட்ட எப்படிப் போய்ச் சொல்ல?” என்றாள். “ஒரு மனுசி வாயால வந்து சொல்லணும்லா.”

மனு தங்கபுஷ்பம் பேரில் போட்டதால் கொம்பையா வந்தான். தலை நரைத்திருந்தது, நடை மாறியிருந்தது. பூங்கனி தூணுக்குப் பின்னால் ஒதுங்கி, முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு நின்றாள். எத்தனையோ பேர் கையை நிமிர்த்தி வைத்தவளுக்குத் தன் தலையை நிமிர்த்த முடியவில்லை. தங்கபுஷ்பம் கம்பி வலையைப் பிடித்துக்கொண்டு, வழியெல்லாம் மனப்பாடம் பண்ணிக்கொண்டு வந்ததை மறந்துவிட்டு, எடுத்த எடுப்பில் சொன்னாள்.

“அண்ணே, நான் பாத்தேன். நீங்க மேல நின்னீங்க. வண்டியில இருந்தது அவன்.”

அவன் திட்டுவான் என்று நினைத்தாள், அழுவான் என்று நினைத்தாள், இத்தனை நாள் எங்கே போனாய் என்று கேட்பான் என்று நினைத்தாள், எல்லாவற்றுக்கும் குனிந்து நின்றாள். கொம்பையா அவள் முகத்தையே பார்த்தான். பிறகு, பார்வை மங்கியவன் படிக்கிறதுபோல ஒவ்வொரு வார்த்தையாகக் கேட்டான்.

“அப்போ நான் ஓட்டலியா தாயி?”

தங்கபுஷ்பத்துக்கு முதலில் புரியவில்லை. அவனே சொன்னான். ஊர் மொத்தமும் பார்க்கவில்லை என்று சொல்லிவிட்டது, அத்தனை பேர் எதுக்குப் பொய் சொல்லப் போகிறார்கள், தான் தார்ப்பாய்மேல் நின்றதாக நினைப்பது சும்மா மனசு காட்டுகிற காட்சியோ என்று அவனுக்குக் கொஞ்சம் கொஞ்சமாகச் சந்தேகம் வந்துவிட்டதாம். பெண்டாட்டி வந்து நீங்கதானா என்று கேட்ட அன்றைக்கு, இல்லை என்று சொல்ல வாயெடுத்து, உறுதியாகச் சொல்ல முடியாமல் போய்விட்டதாம். அந்த மூஞ்சியோடு அவள் முன்னால் எப்படி வந்து நிற்பது என்றுதான் வரவில்லையாம்.

“நீங்க ஓட்டலண்ணே” என்றாள் தங்கபுஷ்பம்.

“நான் மேலதான் நின்னேனா?”

“மேலதான் நின்னீங்க. வேண்டாம் வேண்டாம்னு கத்துனீங்க. எனக்குக் கேட்டுது.”

“கத்துனேனா” என்றான் அவன். “சத்தமா சொல்லு தாயி. அந்தத் தூணுகிட்ட நிக்கது பூங்கனிதான? அவளுக்குக் கேக்கட்டும்.”

அவள் சத்தமாகச் சொன்னாள். சுற்றிலும் பேசிக்கொண்டிருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். பூங்கனி தூணைவிட்டு வந்து வலைக்குப் பக்கத்தில் நின்றாள், புருஷனும் பெண்டாட்டியும் ஒருவரையொருவர் பார்க்காமல் தங்கபுஷ்பத்தின் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவன் மறுபடியும் கேட்டான், நான் ஓட்டலியா என்று. அவள் மறுபடியும் சொன்னாள். நேரம் முடிந்துவிட்டது என்று மணி அடித்து, காவலர் வந்து அவன் தோளைத் தொடுகிற வரைக்கும், அவன் கேட்டுக்கொண்டே இருந்தான், அவள் சொல்லிக்கொண்டே இருந்தாள்.